ஒரே பாட்டு, பல பதிப்பு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்த மேடையில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் மிகவும் தயங்கினேன். நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவன். இசையிலக்கணம் முறையாகக் கற்றவன் அல்லேன். ஆயினும் ஒரே பாட்டைப் பல தட்டுகளில் கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பு நோக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. இதனை என் இல்லத்தார் பைத்தியம் என்பர். அந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது, அதனால் நான் கற்றது என்ன என்பதையே இன்று சொல்ல வந்தேன். அறிவுரையாக அன்று, நான் செய்த ஒரு பிழையை ஒப்புக்கொள்வதாகவே கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் மதர் டெய்ரிக்குப் பால் வாங்கச் சென்றேன். மயூர் விஹாரின் பனிமூட்டத்தில் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. ஆனால் காது நன்றாகக் கேட்டது. நான்கு வீடுகளிலிருந்து திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் ஒலித்தது. 1963-ஆம் ஆண்டில் எச்.எம்.வி. கம்பெனியார் நீண்ட இசைத்தட்டாக வெளியிட்ட அதே சுப்ரபாதந்தான். ஒரு வீட்டில் அந்த அம்மையார் பக்கத்திலே அமர்ந்து ஓதுவது போல் இருந்தது. மற்றொரு வீட்டில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மூன்றாவது வீட்டில் தம்பூராவே இல்லை. நான்காவது வீட்டிலோ, ஓசை பெரிதாயிருந்ததே அன்றி ஏற்றமும் இறக்கமும் இன்றித் தட்டையாக இருந்தது. பாடியவர் ஒருவர், பாடியதும் ஒருமுறை. பின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கருவியின் தரம் ஒரு காரணம். ஆனால் அதற்கும் மேலான காரணம், பாட்டு நம் கைக்கு வந்து சேர்ந்த வழி.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் எத்தனை ஏடுகளைத் தேடி அலைந்தார், எத்தனை பாட பேதங்களை ஒப்பு நோக்கினார் என்பதை நாம் அறிவோம். ஏடு எழுதியவன் ஓரெழுத்தை விட்டால் செய்யுள் கெடும். செல்லரித்த இடத்தில் தன் சொல்லைச் செருகினால், புலவன் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். இசைத்தட்டுக்கும் விதி இதுவே. பழைய தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும், நாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கும், அங்கிருந்து கைப்பேசிக்கும் ஒரு பாட்டு போகும்போது, ஒவ்வோரிடத்திலும் ஒரு மனிதன் அமர்ந்து, எதை வைப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்கிறான். அவனை நாம் பதிப்பாசிரியன் என்றே சொல்லலாம். நல்ல பதிப்பாசிரியனும் உண்டு, அவசரக்காரனும் உண்டு.

இனி என் பிழையைச் சொல்கிறேன். எங்கள் பாட்டனார் மாயவரத்துக்காரர். அவ்வூரிலேயே 1910-இல் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதரிடம் அவருக்கு அளவற்ற பக்தி. மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸ் படத்தை எத்தனை முறை பார்த்தார் என்று அவரே கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவர் சேர்த்த 22 கிராமபோன் தட்டுகளை என் தந்தையார் ஒரு மரப்பெட்டியில் வைத்து, வைக்கோல் அடைத்து, ரயிலேற்றித் தில்லிக்குக் கொண்டு வந்தார். ஒன்றுகூட உடையாமல் வந்தது என்பதை வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் சொல்வார். பின்னர் பாட்டுப்பெட்டி பழுதாயிற்று. தட்டுகள் பரண் ஏறின.

2004-ஆம் ஆண்டு ஊருக்குப் போய்த் திரும்புகையில் பாகவதர் பாடல்கள் அடங்கிய குறுந்தகடு ஒன்றை வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. 20 பாட்டுகள், உள்ளங்கை அளவு, கீறல் ஓசை சிறிதும் இல்லை. இனிப் பரணில் இருக்கும் சுமை எதற்கு என்று எண்ணினேன். தந்தையார் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கபாடிக்காரரை அழைத்தேன். அவர் மரப்பெட்டிக்கு விலை சொன்னார்; தட்டுகளுக்கு விலை இல்லை என்றார். எடுத்துச் சென்றால் போதும் என்று கொடுத்துவிட்டேன்.

தந்தையார் திரும்பி வந்ததும் பெருமையோடு குறுந்தகட்டைப் போட்டுக் காட்டினேன். அவர் ஒரு பாட்டு முழுவதும் பேசாமல் கேட்டார். பின், “யாருப்பா இந்தப் பையன்? பாகவதர் மாதிரியே பாடுறானே!” என்றார். “பாகவதரேதான் அப்பா” என்று சொல்லி நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டி போன செய்தியைச் சொன்னபோதும் கடிந்துகொள்ளவில்லை. அந்தக் குறுந்தகட்டை அவர் மறுமுறை கேட்கவே இல்லை. முதுமையில் காது மந்தமாகிவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 2011-இல் நம் காலனிப் பெரியவர் ஒருவர் வீட்டுக்குத் தந்தையாரை அழைத்துச் சென்றிருந்தேன். அவரிடம் பழுது பார்த்த பாட்டுப்பெட்டி ஒன்றும், பாகவதர் தட்டுகள் சிலவும் இருந்தன. என் குறுந்தகட்டில் உள்ள பாட்டு ஒன்றின் மூலத்தட்டும் அவற்றுள் இருந்தது. ஊசி தட்டில் அமர்ந்தது. அடுப்பில் கடுகு பொரிவது போன்ற ஓசை. அதன் பின்னால் எழுந்த குரலைக் கேட்டதும் என் தந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இவர்தான்” என்றார். அவ்வளவே.

எனக்கு நாணமும் வந்தது, ஐயமும் வந்தது. வீட்டுக்கு ஓடிக் குறுந்தகட்டைக் கொண்டு வந்தேன். அந்த வீட்டுப் பெண் வாய்ப்பாட்டு கற்பவள். சுருதிப்பெட்டியை எடுத்து வந்தாள். தட்டில் இருந்த பாட்டைக் காட்டிலும் குறுந்தகட்டில் இருந்தது ஏறத்தாழ அரைக்கட்டை மேலே நின்றது. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். தட்டில் 3 நிமிடம் 20 விநாடி ஓடிய பாட்டு, குறுந்தகட்டில் 11 விநாடி முன்னதாகவே முடிந்தது. பாட்டுப்பெட்டியே மெதுவாகச் சுற்றுகிறதோ என்று ஐயுற்று, தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, பிள்ளைகளை எண்ணச் சொன்னோம். அரை நிமிடத்தில் 39 சுற்று. நிமிடத்திற்கு 78, சரியான வேகந்தான். ஆகவே தவறியது குறுந்தகடு. என் தந்தையாரின் காதில் குறை ஏதும் இல்லை. குறை என் அறிவில் இருந்தது.

இதன் காரணத்தைப் பின்னர் மெல்ல மெல்லக் கற்றேன். இதில் மூன்று செய்திகள் உண்டு.

முதலாவது வேகம். 78 சுற்றுத் தட்டு என்று பெயரே தவிர, கிராமபோனின் தொடக்க நாட்களில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வேகத்தைக் கைக்கொள்ளவில்லை. 80 சுற்றில் பதிந்தவையும் உண்டு. 1925-க்குப் பின் மின்கருவியால் பதியும் முறை வந்தபோதுதான் 78 நிலைபெற்றது. பழைய தட்டைப் புதிய கருவியில் ஓட்டிப் படியெடுப்பவர் வேகத்தைச் சரிபாராவிட்டால் சுருதி மாறிவிடும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் அரைக்கட்டை ஏறும். இராகம் மாறாது, தாளமும் தப்பாது. ஆதலால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் குரலின் வயது மாறிவிடும். முப்பது வயதுக்காரர் இருபது வயது இளைஞராவார். “யாருப்பா இந்தப் பையன்” என்று என் தந்தையார் கேட்டது வேடிக்கை அன்று, நுட்பமான தீர்ப்பு.

இரண்டாவது கீறல் ஓசை. அந்தத் தட்டுகள் அரக்கும் கற்பொடியும் கலந்து செய்தவை. சென்னையில் விற்ற எச்.எம்.வி. தட்டுகளையும் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் தொழிற்சாலையில்தான் அச்சிட்டனர். பாடகர் பாடும்போதே மெழுகுத் தட்டில் வரி வெட்டப்படும். மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதைக் கொண்டு அரக்குத் தட்டை அழுத்துவர். பாடியதில் பிழை வந்தால் வெட்டி ஒட்ட முடியாது. மூன்றரை நிமிடத்திற்குள் முதலிலிருந்து முடிவு வரை பாடியாக வேண்டும். அரக்குத் தட்டுக்கு இயல்பாகவே இரைச்சல் உண்டு. இக்காலத்தில் அந்த இரைச்சலைக் கணிப்பொறியால் நீக்குகிறார்கள். ஆனால் இரைச்சல் தங்கியிருக்கும் அதே மேற்சுருதிப் பகுதியில்தான் சகர ஒலியின் கூர்மையும், ஜால்ராவின் ஒளியும், வயலின் வில்லின் உராய்வும் தங்கியிருக்கின்றன. களையை அறுப்பதாக எண்ணிப் பயிரையும் அறுத்தால், தண்ணீருக்குள் மூழ்கிப் பாடுவது போன்ற குரலே மிஞ்சும். கீறல் ஓசை இல்லை என்று நான் மகிழ்ந்தேனே, அந்த மகிழ்ச்சிக்குக் கொடுத்த விலை அது.

இரைச்சலைக் குறைக்க நேர்மையான வழியும் உண்டு. 78 சுற்றுத் தட்டின் வரி, நீண்ட இசைத்தட்டின் வரியைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். நீண்ட தட்டுக்குரிய மெல்லிய ஊசியை அதில் இட்டால், அது வரியின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் படிக்கும். உரிய பருமனுள்ள ஊசியைத் தேர்ந்து, தட்டைக் கழுவித் துடைத்து, தேயாத பக்கத்தைப் படிக்கச் செய்தால் பாதி இரைச்சல் தானே அடங்கும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம்.

மூன்றாவது ஓசையின் அளவு. குறுந்தகடு 1982-இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதுகிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 65,536 படிகள். அந்தப் படிகளுக்கு மேல் ஏற வழியில்லை. என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்கிறேன். சரக்கு வண்டியின் உயரத்திற்கு ஒரு வரம்பு உண்டு. மீறினால் பாலத்தில் இடிக்கும். இருபது மூட்டைகளில் ஒன்று மட்டும் உயரமாக இருந்தால் வண்டி முழுவதும் அதற்கு இடம் விட வேண்டும். அவசரக்காரன் என்ன செய்வான்? உயர்ந்த மூட்டையைத் தட்டித் தாழ்த்திவிட்டு, எல்லா மூட்டைகளையும் கூரை முட்ட அடுக்குவான். வண்டி நிறைந்திருக்கும், ஆனால் தட்டிய மூட்டையில் உள்ள பொருள் நசுங்கியிருக்கும். பாட்டிலும் அப்படியே. மெல்லிய இடத்தைத் தூக்கி, உரத்த இடத்தைத் தட்டி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்தினால், கேட்ட மாத்திரத்தில் கம்பீரமாகத் தோன்றும். பத்து நிமிடத்தில் காது சோர்ந்துவிடும்.

உரத்த ஓசை ஏன் நன்றாகத் தோன்றுகிறது? 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் ஆராய்ந்து வெளியிட்டனர். ஓசை சிறியதாக இருக்கும்போது மனிதக் காதுக்குக் கீழ்ச்சுருதி சரியாகக் கேட்பதில்லை. ஓசை பெரிதானால் அது நிரம்பிக் கேட்கிறது. ஆகவே இரண்டு பதிப்புகளை ஒப்பு நோக்கும்போது, உரத்ததையே நல்லது என்று காது பொய்ச்சாட்சி சொல்லும். முதலில் இரண்டின் ஓசையையும் சமப்படுத்திய பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இது பழைய பாட்டுக்காரர்களின் புலம்பல் மட்டும் அன்று. மேல்நாட்டு ராக் இசையிலும் இதே வழக்கு நடக்கிறது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் பாடல்கள் 1987-இல் குறுந்தகடாக வந்தன. முதல் நான்கு தொகுதிகளை மோனோவாகவே வெளியிட்டனர். 2009 செப்டம்பரில் அனைத்தையும் மூலநாடாவிலிருந்து மீண்டும் பதிப்பித்தனர். ஸ்டீரியோ ஒரு பெட்டி, மோனோ ஒரு பெட்டி. எது மூலத்திற்கு நெருங்கியது என்று ரசிகர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். 1960-களில் ஸ்டீரியோ புதுமையாக இருந்த காலத்தில் குழுவினர் தாமே அருகிருந்து கவனித்தது பெரும்பாலும் மோனோ கலவையையே என்பது மோனோக்காரர்களின் வலுவான வாதம். நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. பிற நாடுகள் 78 சுற்றுத் தட்டை மறந்துவிட்ட அந்த நாட்களில், இந்தியாவில் பீட்டில்ஸ் பாட்டுகள் அரக்குத் தட்டில் அச்சாயின. நம் நாட்டு அத்தட்டுகளை இன்று மேல்நாட்டார் தேடித் தேடி வாங்குகின்றனர்.

2008-இல் மெட்டாலிக்கா என்னும் அமெரிக்கக் குழுவினர் வெளியிட்ட தொகுதியில், ஓசையைக் கூரை முட்ட ஏற்றிவிட்டதாக ரசிகர்களே முறையிட்டனர். அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்னும் கணினி விளையாட்டில் நசுங்காமல் இருந்ததைக் கேட்டே அவர்கள் வேறுபாட்டைக் கண்டார்கள். இரண்டாவது பிரதி ஒன்று இருந்ததால் உண்மை வெளிப்பட்டது. இதனை நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

தில்லிவாசிகளான நமக்கு மற்றொரு கொடுமையும் தெரியும். 1990-களில் பழைய இந்திப் பாட்டுகளின் மேல் புதிய தாளக் கருவிகளைச் சேர்த்து, ‘ஜங்கார் பீட்ஸ்’ என்று ஒலிநாடாக்கள் விற்றார்கள். பேருந்திலும் ஆட்டோவிலும் அவையே முழங்கின. அவற்றிலேயே அப்பாட்டுகளை முதன்முதல் கேட்ட பிள்ளைகள், மூலப்பாட்டைக் கேட்டபோது ஏதோ குறைகிறதே என்றார்கள். இடைச்செருகல் மூலத்தை வென்றுவிடுவது இப்படித்தான்.

என் வயதினரும் இதற்கு விலக்கு அல்லர். 1986-இல் இளையராஜா அவர்கள் ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் தொகுதியைத் தியாகராஜ சுவாமிகளுக்கும், ஜெர்மானிய இசைமேதை பாக் அவர்களுக்கும் காணிக்கையாக வெளியிட்டார். வி. எஸ். நரசிம்மன் அவர்களின் வயலின் அதில் பேசும். நான் அதனை முதலில் கேட்டது நண்பர் ஒருவர் படியெடுத்துத் தந்த ஒலிநாடாவில். பிற்காலத்தில் குறுந்தகட்டில் கேட்டபோது, நாடாவில் மங்கிக் கிடந்த தந்திகள் தனித்தனியே தெரிந்தன. ஆயினும் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை! நாடாவின் மங்கலையே இசையின் மென்மை என்று என் காது பழகியிருந்தது. ஆகவே, புதியது எல்லாம் தாழ்வு, பழையது எல்லாம் உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. பழக்கமும் ஒரு பொய்ச்சாட்சி. நல்ல குறுந்தகடு தேய்ந்த தட்டை வெல்லும். நல்ல தட்டு அவசரக் குறுந்தகட்டை வெல்லும். வடிவத்தைப் பார்த்து முடிவு கட்டலாகாது. பதிப்பைக் கேட்டுத்தான் முடிவு கட்ட வேண்டும்.

எப்படிக் கேட்பது? எளிய முறை ஒன்று சொல்கிறேன். வீட்டில் இருவர் போதும். ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளை எடுத்து, ஓசையைச் சமமாக்குங்கள். எது எது என்று சொல்லாமல் பிள்ளை மாற்றி மாற்றி வைக்கட்டும். பெரியவர் கண்ணை மூடிக் கேட்கட்டும். தம்பூரா இறுதிவரை கேட்கிறதா, சொற்களின் சகரமும் றகரமும் தெளிவாக உள்ளனவா, பாடகர் தாழ்ந்து பாடும் இடம் உண்மையிலேயே தாழ்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். சுருதிப்பெட்டி இருந்தால், எந்தக் கட்டைக்கும் பொருந்தாமல் சுருதி இடையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்படி நின்றால் வேகத்தில் ஐயம் கொள்ளலாம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளரும் நம் காலனிப் பிள்ளைகள், இந்த விளையாட்டால் தமிழ்ச் சொல்லை உற்றுக் கேட்பார்கள் என்பது என் சொந்த அனுபவம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நான் கொடுத்தழித்த 22 தட்டுகளில் பாகவதர் தட்டுகளை எண்ணி நான் அதிகம் வருந்தவில்லை. அவர் 1959-இல் மறைந்தார். ஆனால் அவருடைய தட்டுகள் பலரிடம் உள்ளன. ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்றைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். அந்தப் பெட்டியில் எங்கள் ஊர்ப் பக்கத்து நாகசுரக்காரர் ஒருவரின் தட்டும் இருந்தது. பாட்டனாரின் திருமணத்தில் வாசித்தவர் அவரே என்று தந்தையார் சொல்வார். அந்தத் தட்டை ஜும்மா மசூதி அருகே மீனா பஜாரிலும், ஊருக்குப் போகும்போதெல்லாம் சென்னையிலும் தேடி வருகிறேன். இன்று வரை கிடைக்கவில்லை. 2016-இல் தந்தையார் காலமானார். அந்த வாசிப்பு எப்படி இருந்தது என்று சொல்லவும் இப்போது எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை. ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விட்டார்கள் என்று படிக்கும்போது முன்னோரைக் குறை கூறுகிறோம். கபாடிக்காரரை அழைத்த நான் யாரைக் குறை கூறுவேன்?

ஆகவே, தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது, பரணில் கிடக்கும் தட்டையும் ஒலிநாடாவையும் குப்பை என்று கொடுத்துவிடாதீர்கள். விலைக்கு வாங்கியவை மட்டுமல்ல. பாட்டி பாடிய தாலாட்டு, திருமணத்தில் பதிந்த நலங்குப்பாட்டு ஆகியவை அடங்கிய நாடாக்களுக்கு உலகில் வேறு பிரதியே இல்லை. பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். தட்டுகளைப் படுக்க அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். கணிப்பொறியில் ஏற்றினால், இரைச்சலோடு உள்ளது உள்ளபடியே ஒரு மூலப்படியை முதலில் எடுத்துவிட்டு, அதன் பின்னர் வேண்டியபடி திருத்துங்கள். திருத்தியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை விட்டுவிட்டால், நாளைக்கு ஒப்பு நோக்க எதுவும் இராது. அரிய பதிவுகள் இருப்பின் வழி கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தில்லியிலேயே சங்கீத நாடக அகாதெமி இருக்கிறது. 1982-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசை ஆவணக் காப்பகம் அருகே குருகிராமில் இருக்கிறது.

யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று நம் சங்கம் ஒரு பட்டியல் எழுதத் தொடங்குமானால், எழுத்து வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கணக்கெழுதுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.